ஜாஸ் இசையைப் பெற்றவர்கள் யார்?

(கிளைச் சங்கத்தின் கலை இரவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்றிரவு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஜாஸ் இசை. சங்கத்து மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம், வைத்திய வசதியைப் பற்றிப் பேசலாம், வெள்ளைக்காரன் ஆட்டப் பாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு நமது பதில் இரண்டு. ஒன்று, அது வெள்ளைக்காரன் பாட்டு அல்ல. கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் வேலை செய்தவர்கள், கப்பலில் மூட்டை ஏற்றியவர்கள், சுருட்டுச் சுற்றியவர்கள், சுவருக்குச் சாந்து பூசியவர்கள், கரி வண்டியோடு அலைந்தவர்கள் ஆகிய பல இனத்துத் தொழிலாளர் சேர்ந்து கண்ட இசை அது. இரண்டு, அந்த இசை உண்டான கதைக்குள்ளே கூலிக் கணக்கும் இருக்கிறது, சங்கக் கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பாராமல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போவது தொழிலாளிக்கு அழகல்ல.

நம் பட்டணங்களின் நடன மண்டபங்களுக்கு இந்த இசையைக் கொண்டுவந்து வாசித்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டு வித்துவான்கள். பிறகு வானொலியிலும் சினிமாவிலும் அது நம் காதில் விழுந்தது. ஆனால் அது பிறந்த இடம் வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்ப்போம்.

பல கொடி பறந்த துறைமுகம்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்று ஒரு பேராறு ஓடுகிறது. அது கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், ஆற்று வளைவில் இருக்கும் துறைமுகப் பட்டணம் நியூ ஓர்லியன்ஸ். 1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அதை நிறுவினார்கள். பிறகு சில பத்தாண்டுகள் ஸ்பெயின் தேசத்தார் ஆண்டார்கள். 1803-இல் அமெரிக்க அரசாங்கம் அந்தப் பிரதேசம் முழுவதையும் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. கொடி மாறியதே தவிர ஜனங்கள் மாறவில்லை. பிரெஞ்சு பேசுகிறவர், ஸ்பானிஷ் பேசுகிறவர், இங்கிலீஷ் பேசுகிறவர் எல்லாரும் ஒரே தெருவில் நடமாடினார்கள்.

இவர்கள் எல்லாருக்கும் உழைத்துப் போட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1719 முதல் கப்பல் கப்பலாக அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். செனகல் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உண்டு, காங்கோ தேசத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்கர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குள்ளேயே பாஷை வேறு, தெய்வம் வேறு, தாளம் வேறு. ஆகவே இந்த இசையின் கலப்பு ஆப்பிரிக்கரிடையிலேயே தொடங்கிவிட்டது.

1724-இல் பிரெஞ்சுக்காரர் போட்ட அடிமைச் சட்டம் கொடுமையானது. ஆனால் அதில் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த ஒருநாளை அடிமைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்துக் காய்கறியைச் சந்தையில் விற்றார்கள். மிச்சப் பொழுதில் கூடிப் பாடினார்கள், ஆடினார்கள். 1817-இல் நகர சபை பயந்துபோய், அடிமைகள் கூடுவதானால் குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் கூடலாம் என்று உத்தரவு போட்டது. அப்படி ஒதுக்கிய மைதானத்துக்குத்தான் காங்கோ சதுக்கம் என்று பெயர் வந்தது.

1819-இல் லட்ரோப் என்னும் கட்டடக் கலைஞர் அந்த வழியாகப் போனார். மரப்பலகைத் தளத்தின் மேல் குதிரைகள் மிதிப்பது போல ஒரு பெருஞ்சத்தம் கேட்டதாக அவர் நாட்குறிப்பில் எழுதினார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். கையால் தட்டும் முரசுகளையும், சுரைக்குடுக்கையில் தந்தி பூட்டிய ஒரு வாத்தியத்தையும் அவர் படமாக வரைந்து வைத்தார். அந்தச் சுரைக்குடுக்கை வாத்தியத்தின் வம்சத்தில் வந்ததுதான் பேஞ்சோ. அந்த மனிதருக்கு அந்தச் சங்கீதம் பிடிக்கவில்லை. பிடிக்காதவர் எழுதி வைத்த சாட்சியே நமக்கு இன்று பெரிய சாட்சியாக நிற்கிறது.

இதற்கிடையில் கரீபியன் கடலில் ஹெயிட்டி என்னும் தீவில் அடிமைகள் எழுந்து போராடி 1804-இல் சுதந்திரம் பெற்றார்கள். அந்தப் போரில் தீவைவிட்டுக் கியூபாவுக்கு ஓடியவர்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், அங்கிருந்தும் விரட்டப்பட்டு, 1809-ஐ ஒட்டி நியூ ஓர்லியன்ஸ் வந்து சேர்ந்தார்கள். வெள்ளையர், விடுதலை பெற்ற கலப்பு நிறத்தார், அடிமைகள் என மூன்று வகையினரும் அவர்களில் இருந்தார்கள். கியூபாத் தாளமும் ஹெயிட்டித் தாளமும் அவர்களோடு வந்தன.

தோட்டக்காட்டுக் குரல்

1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் தோட்டம் ஒழியவில்லை. கரும்புத் தோட்டங்களில் பல இடங்களில் கூலியைக் காசாகக் கொடுக்காமல் அட்டைச் சீட்டாகக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லும். 1887-ஆம் ஆண்டு நவம்பரில் லூசியானா கரும்புத் தொழிலாளர் ஏறக்குறைய பத்தாயிரம் பேர், நாளைக்கு ஒன்றேகால் டாலர் கூலி வேண்டும், அதுவும் ரொக்கமாக வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். திபொடோ என்னும் ஊரில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் கறுப்புத் தொழிலாளரைத் தேடித் தேடிச் சுட்டார்கள். வேலைநிறுத்தம் ரத்தத்தில் முறிந்தது.

இப்படிப்பட்ட தோட்டங்களில்தான் ஜாஸின் ஒரு வேர் ஓடுகிறது. வேலைக்காட்டில் ஒருவன் முன்பாட்டுப் பாடுவான், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். மண்வெட்டி விழும் இடத்தில் தாளம் விழும். தனியாக நிற்கிறவன் தொலைவில் இருக்கிறவனுக்கு நீட்டிக் குரல் கொடுப்பான். அந்தக் குரலில் ஸ்வரம் நேராக நிற்காது. சற்றே வளைந்து கீழே இறங்கும். ஐரோப்பிய பியானோவின் கட்டைகளுக்கு நடுவே விழும் ஸ்வரம் அது. இந்த வேலைப்பாட்டும், மாதா கோயிலில் கறுப்பு மக்கள் பாடிய தோத்திரப் பாட்டும் சேர்ந்துதான் புளூஸ் என்னும் பாட்டு வகைக்கு ரத்தமும் சதையும் கொடுத்தன.

தோட்டத்தில் பேண்டு வாத்தியமும் இருந்தது. 1890-களில் ஜேம்ஸ் ஹம்ப்ரி என்னும் கலப்பு நிறத்து ஆசிரியர் நியூ ஓர்லியன்ஸிலிருந்து ரயில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போவார். வயல் வேலை முடித்து வந்த தொழிலாளருக்கு ஸ்வரம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, கொம்பு வாசிக்கக் கற்பித்தார். மக்னோலியாத் தோட்டத்தில் அவர் பழக்கிய பேண்டு கோஷ்டி பேர்பெற்றது. ஜாஸ் உலகில் டிராம்போன் வாத்தியத்துக்குப் பெயர் வாங்கித் தந்த கிட் ஓரி 1886-இல் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டிப் பேஞ்சோ செய்து வாசித்தார். சினேகிதர்களைச் சேர்த்து, மீன் பொரித்து விற்கும் ஆட்டக் கச்சேரி நடத்தி, அந்தக் காசில் உண்மையான வாத்தியங்கள் வாங்கினார்.

ஏடு படித்தவரும் காது படித்தவரும்

பட்டணத்தில் கிரியோல் என்று ஒரு சமூகம் இருந்தது. பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவர்கள். அடிமைக் காலத்திலேயே அவர்களில் பலர் விடுதலை பெற்றவர்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள், கைத்தொழிலில் வல்லவர்கள். 1859-இல் கட்டிய பிரெஞ்சு ஓபரா மண்டபம் அந்த ஊரில் இருந்தது. அந்தச் சங்கீதத்தில் பழகிய கிரியோல் வித்துவான்கள் ஏடு பார்த்துப் பிசகில்லாமல் வாசிப்பார்கள். ஆனால் சங்கீதம் மட்டும் சோறு போடாது. கிளாரினெட் வித்துவான் அல்போன்ஸ் பிக்கூ பகலில் தகர வேலைக்காரர். பேஞ்சோ வாசித்த ஜானி செயின்ட் சிர் சாந்து பூசும் வேலைக்காரர். பகலெல்லாம் கரணை பிடித்த கைதான் இரவில் தந்தி மீட்டியது.

பட்டணத்தின் மேல்பகுதியில் குடியிருந்தவர்கள் தோட்டங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பு மக்கள். அவர்களுக்கு ஏடு தெரியாது, காது தெரியும். கேட்டதை வாங்கி, மனத்தில் போட்டுப் புரட்டி, வேறொன்றாகத் திருப்பித் தருவார்கள். நம் வித்துவான்கள் மனோதர்மம் என்பார்களே, அதைப் போன்ற ஆற்றல் அது. 1877-இல் பிறந்த படி போல்டன் என்னும் கார்னெட் வித்துவான் இவர்களில் தலைசிறந்தவர். 1907-இல் மனநோய் கண்டு ஆஸ்பத்திரியில் அடைபட்டு, 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பைக் கேட்க இன்று ஓர் இசைத்தட்டுகூட இல்லை. அவரைக் கேட்டவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டினார்கள்.

ஏட்டுக்காரருக்கும் காதுக்காரருக்கும் இடையே மேட்டிமை இருந்தது. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று கிரியோல்களில் பலர் ஒதுங்கியிருந்தார்கள். அந்த வேலியை இரண்டு காரியங்கள் அசைத்தன. ஒன்று, சங்கீதத்தின் ருசி. மற்றொன்று, சர்க்காரின் அநியாயம். 1890-இல் லூசியானா அரசாங்கம் ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, மற்றவருக்கு ஒரு பெட்டி என்று சட்டம் போட்டது. கிரியோல் சமூகத்தார் கமிட்டி அமைத்து எதிர்த்தார்கள். 1892-இல் ஹோமர் பிளெஸ்ஸி என்னும் செருப்புத் தொழிலாளி வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நாடு முழுவதும் கறுப்பு மக்களை அமுக்கி வைத்தது. பிளெஸ்ஸியின் குற்றத்தை லூசியானா கவர்னர் மன்னித்தது 2022-இல்!

சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சு பேசும் கிரியோலும் தோட்டக்காட்டுத் தொழிலாளியும் ஒன்றாகிவிட்டார்கள். மேடையிலும் மெல்ல மெல்ல ஒன்றானார்கள். டியோ குடும்பத்தைச் சேர்ந்த கிரியோல் ஆசிரியர்களிடம் கிளாரினெட் கற்ற பிள்ளைகள், போல்டன் வழியில் வாசிப்பவர்களோடு ஒரே கோஷ்டியில் நின்றார்கள். ஏடு காதுக்குக் கட்டுப்பாடு கொடுத்தது. காது ஏட்டுக்கு உயிர் கொடுத்தது.

சந்தாவில் வளர்ந்த வாத்தியம்

இந்த இசையைத் தூக்கி நிறுத்தியது எது என்று கேட்டால், பணக்காரர் தர்மம் அல்ல, ஏழைகளின் சந்தா என்றுதான் நாம் சொல்லுவோம். அந்தப் பட்டணத்துக் கறுப்பு மக்கள் பரஸ்பர சகாயச் சங்கங்கள் பல வைத்திருந்தார்கள். சிறு தொகை சந்தா கட்டினால், நோய் வந்தால் வைத்தியர் வருவார், மருந்து கிடைக்கும், இறந்தால் கௌரவமான அடக்கம் நடக்கும். அந்த அடக்கத்துக்குப் பேண்டு வாத்தியமும் உண்டு. கல்லறைக்குப் போகும்போது மெதுவான தோத்திரப் பாட்டு, அடி அடியாக. உடலை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது வாத்தியம் துள்ளி எழும். தெரு ஜனங்கள் பின்வரிசையாகச் சேர்ந்து ஆடிக்கொண்டு வருவார்கள். செத்தவன் துன்பத்திலிருந்து விடுபட்டான் என்ற நம்பிக்கை அதில் உண்டு. கோஷ்டிக்காரருக்கு நிச்சயமான வருமானமும் உண்டு. ஐரோப்பியப் பட்டாளத்தின் அணிவகுப்பு இசை ஆப்பிரிக்கரின் தாளத்தோடு நடுத்தெருவில் கைகோத்தது இப்படித்தான்.

அந்தத் தாளத்தின் குணம் என்ன? அடி விழவேண்டிய இடத்தில் தாளம் விழும்; பாட்டு அதற்கு ஒரு நூல் முந்தியோ பிந்தியோ விழும். அதனால் கேட்கிறவன் கால் சும்மா இராது. இதே குணத்தைப் பியானோவில் கொண்டுவந்தது ராக்டைம் என்னும் இசை. அதில் கீர்த்தி பெற்ற ஸ்காட் ஜாப்ளினின் தந்தை அடிமையாகப் பிறந்தவர். அவருக்குச் சிறுவயதில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவரோ ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு யூத ஆசிரியர். 1899-இல் வெளியான ஜாப்ளினின் ராக்டைம் மெட்டு நாடெங்கும் பரவியது.

அந்தப் பட்டணத்துத் தொழிலாளர் இசையில் மட்டும் சேரவில்லை. 1892 நவம்பரில் வண்டிக்காரர், எடை போடுவோர், பொதி கட்டுவோர் ஆகிய மூன்று சங்கத்தார் கூட்டாகப் போராடினார்கள். பத்து மணி நேர வேலை, மிகை நேரத்துக்குத் தனிக் கூலி, சங்கத்துக்கு அங்கீகாரம் என்பவை கோரிக்கைகள். வண்டிக்காரர் சங்கத்தில் பெரும்பாலோர் கறுப்பர்கள். மற்ற இரண்டிலும் பெரும்பாலோர் வெள்ளையர்கள். முதலாளிமார் என்ன செய்தார்கள்? மற்ற இரண்டு சங்கத்தோடும் ஒப்பந்தம் செய்கிறோம், வண்டிக்காரரோடு மட்டும் மாட்டோம் என்றார்கள். வெள்ளைத் தொழிலாளர் அந்த வலையில் விழவில்லை. மூவருக்கும் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று நின்றார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் சேர்ந்து நடத்திய பொது வேலைநிறுத்தத்தில் பட்டணமே ஸ்தம்பித்தது. வேலை நேரமும் மிகை நேரக் கூலியும் கிடைத்தன. அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஜாஸ் கருவில் இருந்த காலத்தில், அதே தெருக்களில் நடந்த சம்பவம் இது.

இன்னும் வந்து சேர்ந்தவர்கள்

1884-இல் அந்தப் பட்டணத்தில் திறந்த பெரிய பருத்திப் பொருட்காட்சிக்கு மெக்சிகோ நாட்டுப் பட்டாள வாத்திய கோஷ்டி வந்து எல்லாரையும் மயக்கியது. கியூபாவின் ஹபநேராத் தாளம் கப்பலோடு போக்குவரத்தாக இருந்தது. ஜெல்லி ரோல் மார்ட்டன் என்னும் கிரியோல் பியானோ வித்துவான், இந்த இசையில் ஸ்பானிய வாசனை கொஞ்சம் சேராவிட்டால் பக்குவம் வராது என்று 1938-இல் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்தபோது சொன்னார்.

இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களையும் அந்த ஊர் நல்லபடியாக வரவேற்கவில்லை. 1891 மார்ச் 14-ஆம் தேதி ஒரு கும்பல் சிறைச்சாலைக்குள் புகுந்து பதினொரு இத்தாலியரைக் கொன்றது. அந்தச் சமூகத்திலிருந்தும் ஜாஸ் வாசிப்பவர்கள் தோன்றினார்கள்.

பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1901-இல் அந்தப் பட்டணத்தின் மிக ஏழைப் பகுதியில் பிறந்தார். லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த கார்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தாரிடம் சிறுவனாக வேலை செய்தார். அவர்களுடைய பழைய சாமான் வண்டியிலும் கரி வண்டியிலும் போகும்போது, ஜனங்களைக் கூப்பிட ஒரு தகரக் கொம்பை ஊதினார். அடகுக் கடையில் ஐந்து டாலர் விலையில் ஒரு பழைய கார்னெட் இருந்தது. அதை வாங்க அந்தக் குடும்பத்தார் முன்பணம் கொடுத்து உதவினார்கள் என்று அவரே முதுமையில் எழுதிவைத்தார். நன்றி மறவாமல் யூதரின் நட்சத்திரச் சின்னத்தைக் கழுத்தில் அணிந்திருந்தார்.

வாத்தியங்களையே பாருங்கள். பேஞ்சோவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சாக்ஸபோனைச் செய்து 1846-இல் உரிமை பெற்றவர் பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் சாக்ஸ். ஜாஸ் டிரம்காரர் ஒருவரே காலாலும் கையாலும் வாசிக்கும் டிரம் கூட்டத்தில் பெரிய டிரம் ஐரோப்பியப் பட்டாளத்துடையது. அந்நாளில் பக்கத்தில் மாட்டிய, ஆணி அடித்த சிறு முரசு சீனருடையது. தாளத் தட்டு துருக்கி தேசத்துத் தொழில். ஜில்ஜியன் என்னும் ஆர்மீனியக் குடும்பத்தார் 1623 முதல் கான்ஸ்டான்டிநோபிளில் அந்தத் தட்டுகளை வார்த்தவர்கள். ஒரு மனிதன் உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் இத்தனை தேசத்துக் கைகள் சேர்ந்திருக்கின்றன.

பெயர் யாருக்கு, பணம் யாருக்கு?

தோழர்களே, இதுவரை சொன்னது சேர்ந்த கதை. இனிச் சொல்லப்போவது பிரித்த கதை.

1917 பிப்ரவரி 26-ஆம் தேதி நியூயார்க்கில் விக்டர் கம்பெனியார் முதல் ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். வாசித்த ஐவரும் நியூ ஓர்லியன்ஸ் வெள்ளையர்கள். அவர்களின் தலைவர் நிக் லாராக்கா சிசிலியிலிருந்து வந்த ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன். தட்டு ஏராளமாக விற்றது. அதில் ஒரு பாட்டின் உரிமை யாருக்கு என்று இரு கட்சிக்காரர் சிகாகோவில் வழக்காடினார்கள். இருவருக்கும் இல்லை என்று நீதிபதி தள்ளினார். லாராக்கா பிற்காலத்தில், ஜாஸை உண்டாக்கியதில் கறுப்பு மக்களுக்குப் பங்கே இல்லை என்று வாதாடினார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான் இது!

இன்னொரு கூட்டத்தார் வேறுவிதமாகப் பேசுவார்கள். "பல இனத்தாரும் கலந்து உண்டாக்கியது, ஆகவே இது யாருக்கும் சொந்தமல்ல" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. பந்திக்கு உப்புக் கொடுத்தவன் உண்டு, இலை கொடுத்தவன் உண்டு, விறகு கொடுத்தவன் உண்டு. எல்லாரையும் வாழ்த்துவோம். அதற்காக அடுப்படியில் நின்று வெந்தவளை மறந்துவிடலாமா? ஜாஸுக்குப் பல பேர் கொடுத்தார்கள். ஆனால் அதன் தாளத்தையும், வளைந்த ஸ்வரத்தையும், முன்பாட்டுப் பின்பாட்டு முறையையும் அடிமைத்தனத்திலும் தோட்டக்காட்டிலும் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்க வம்சத்தார். கலப்பு என்பது உண்மை. முதல் உழைப்பு யாருடையது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது கணக்கில் மோசடி.

பெயரைப் போலவே பணமும் பிரிந்தது. வாசிப்பவர்களின் சம்மேளனம் 1896-இல் அமைந்தது. ஆனால் பல பட்டணங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை என்று வைத்தார்கள். சிகாகோவில் 1902 முதல் கறுப்பருக்குத் தனிக்கிளை. நியூ ஓர்லியன்ஸிலும் அப்படியே. நல்ல சம்பளம் கிடைக்கும் பெரிய தியேட்டர்களும் வானொலி நிலையங்களும் வெள்ளையர் கிளையின் கையில் போயின. ஒரே பாட்டை இருவரும் வாசிப்பார்கள்; வாசல் வேறு, கூலி வேறு.

அதே சம்மேளனம் முதலாளிமாரை எதிர்த்துப் பெரிய போராட்டமும் நடத்தியது. இசைத்தட்டு வந்த பிறகு, ஒருமுறை வாசித்ததை ஆயிரம் இடத்தில் போட்டுக் கம்பெனிக்காரர் காசு பண்ணினார்கள். வித்துவான்கள் வேலை இழந்தார்கள். 1942 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி, உறுப்பினர் எவரும் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். டெக்கா கம்பெனி 1943-இல் பணிந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்துப் பிறகு கையெழுத்திட்டன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை நிதியில் சேர்ந்தது. வேலையில்லாத வித்துவான்களைக் கொண்டு பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த அது பயன்பட்டது. இவ்வளவு வலிமை காட்டிய சங்கம் தன் வீட்டுக்குள்ளே இருந்த சுவரை இடிக்கவில்லை என்பதுதான் வருத்தம். உறுப்பினர்களே விடாமல் முயன்று லாஸ் ஏஞ்சல்ஸில் 1953-இல் இரு கிளைகளையும் ஒன்றாக்கினார்கள். சிகாகோவில் 1966-இல்தான் ஒன்றாயின. அதாவது, முதல் ஜாஸ் தட்டு வெளியாகி ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து!

மேடையில் சேர்ந்து நின்றவர்களுக்கும் சோதனை இருந்தது. சிகாகோவில் ஏழை யூதத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த பென்னி குட்மன், டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்னும் கறுப்பு வித்துவான்களை 1936-இல் தம் கோஷ்டியில் பகிரங்கமாக நிறுத்தினார். 1938 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்திலும் அவர்களோடு மேடை ஏறினார். ஆனால் 1956-இல் லூசியானா அரசாங்கம், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து ஆடுவதையும் கேளிக்கை நடத்துவதையும் தடுத்துச் சட்டம் போட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் கோஷ்டியில் இரு நிறத்தாரும் இருந்தார்கள். அவரால் பிறந்த ஊரில் அவர்களோடு வாசிக்க முடியவில்லை. ஊருக்காகத் தோழர்களை விடவில்லை. தோழர்களுக்காக ஊரை விட்டார். சட்டம் விழுந்த பிறகு, 1965-இல்தான் திரும்பிப் போய் வாசித்தார். 1957-இல் லிட்டில் ராக் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளைச் சேரவிடாமல் தடுத்தபோது, அரசாங்கத்தின் சார்பில் ரஷ்யாவுக்குப் போய் வாசிக்க மாட்டேன் என்று சொல்லி, ஜனாதிபதியையே கண்டித்தார். சிரித்த முகத்தோடு பாடுகிறவர்தானே என்று எண்ணியவர்கள் அன்று திடுக்கிட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1987-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஜாஸை நாட்டின் அரிய செல்வம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2011-இல் யுனெஸ்கோ ஏப்ரல் 30-ஆம் தேதியை உலக ஜாஸ் தினமாக அறிவித்தது. அடிமைகள் ஆடிய காங்கோ சதுக்கம் இன்று ஆர்ம்ஸ்ட்ராங் பெயர் தாங்கிய பூங்காவுக்குள் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மாலை மரியாதையெல்லாம் வந்தபோது, சாந்து பூசியவரும் தகரம் அடித்தவரும், சங்கத்துச் சந்தாவில் வாத்தியம் ஊதிப் பிணம் அடக்கியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் நாம் காண்பது என்ன? தனித்து நின்ற இரத்தத்தில் இந்தக் கலை பிறக்கவில்லை. பசியும் வேலையும் சாவும் மனிதர்களை ஒரு தெருவில் சேர்த்தன. அங்கே அது பிறந்தது. சேர்ந்து வாசிப்பது எளிதாக இருந்தது; சேர்ந்து சந்தா கட்டுவது கடினமாக இருந்தது. பாட்டு ஒன்றான பிறகும் கூலி ஒன்றாக அரை நூற்றாண்டு பிடித்தது. கூலி ஒன்றாகாத இடத்தில், எல்லாரும் ஒன்று என்று பாடுவதில் பாதி பொய் இருக்கும். அந்தப் பாதியை மெய்யாக்குவது வாத்தியக்காரரால் மட்டும் முடிகிற வேலை அல்ல. சங்கம் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே, வானொலியில் அந்தக் கொம்பு ஒலிக்கும்போது நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்: இது இன்ன நிறத்தான் பாட்டு என்று ஒதுக்காதே, இது யாருடையதும் அல்ல என்று உழைத்தவனை மறக்கவும் செய்யாதே. வேலைக்காட்டில் முன்பாட்டுப் பாடியவன் யார் என்று கேள். பின்பாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் யார் யார் என்றும் கேள். பிறகு, அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன என்றும் கேள்.

 தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!